இரண்டு மாத்திரைகளும் ஒரு விலைப்பட்டியலும்



இரத்த அழுத்தத்திற்கும் நெஞ்சுவலிக்கும் நாடெங்கும் நெடுங்காலமாக எழுதித் தரப்படும் இரு மாத்திரைகள் அட்டெனலாலும் மெட்டோபிரோலாலும். இரண்டும் பீட்டா தடுப்பான்கள். அட்ரினலின் இதயத்தை விரட்டும் வாயிலை அடைத்து, துடிப்பைத் தணித்து, இதயத்தின் பளுவைக் குறைப்பவை. ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய புரோப்ரனலால் இவற்றின் முன்னோடி. அதற்காகவும் 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டும் ஒன்றுதானே, மலிவானதை வாங்கினால் போதாதா என்று கேட்பது இயல்பு. ஒன்றல்ல. அட்டெனலால் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் நலிந்தவரிடம் அது உடலில் தேங்கும். மெட்டோபிரோலாலைக் கல்லீரல் சிதைக்கிறது. இதயம் தளர்ந்து மூச்சிரைக்கும் நோயாளிகள் ஏறத்தாழ 4,000 பேரிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், மெதுவாகக் கரையும் மெட்டோபிரோலால் சக்சினேட் இறப்பை 34 சதவீதம் குறைத்தது. அட்டெனலாலுக்கு அத்தகைய சான்று இல்லை. மெட்டோபிரோலாலின் இன்னொரு வடிவமான டார்ட்ரேட்டையும் சக்சினேட்டுக்கு ஈடாகக் கொள்ள இயலாது. மருந்துச்சீட்டில் அந்த இரண்டாம் சொல் மிக முக்கியம். 2002இல் வெளியான மற்றோர் ஆய்வோ, அட்டெனலால் உட்கொண்டோரைவிட லோசார்ட்டன் உட்கொண்டோருக்குப் பக்கவாதம் குறைவாகவே வந்ததெனக் காட்டியது.

இங்கேதான் அரசியல் நுழைகிறது. 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் மெட்டோபிரோலால் இருந்தது; அட்டெனலால் நீக்கப்பட்டது. மருத்துவ நோக்கில் இந்நீக்கத்தைக் குறைகூற இடமில்லை. ஆனால் இந்தியாவில் அப்பட்டியலே விலைக்கட்டுப்பாட்டின் எல்லையாகவும் இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் மருந்தின் விலையை நிறுவனம் ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை தானே உயர்த்தலாம். பல ஆண்டுகளாக அட்டெனலாலை விழுங்கிவரும் முதிய உழைப்பாளி அந்த எல்லைக்கு வெளியே தள்ளப்படுகிறார்.

பட்டியலுக்குள் இருப்பவர் மட்டும் நிம்மதியாக இருக்கிறாரா? 2013ஆம் ஆண்டின் விலைக்கட்டுப்பாட்டு ஆணை உற்பத்திச் செலவைப் பார்ப்பதில்லை. சந்தையில் ஒரு சதவீதத்திற்குக் குறையாத பங்குள்ள வணிகப் பெயர்களின் சராசரி விலையே உச்சவரம்பாகிறது. கொள்ளை விலையும் அச்சராசரியில் சேர்கிறது! அதன்மேல் மொத்த விலைக் குறியீட்டின்படி 2023 ஏப்ரலில் மட்டும் 12 சதவீத உயர்வு அனுமதிக்கப்பட்டது. 1975இல் ஹாத்தி குழு 117 மருந்துகளை அத்தியாவசியமெனக் குறித்து, வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கப் பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டு ஆகியும் கடைகளில் வணிகப் பெயர்களே ஆள்கின்றன.

காசில்லாமல் மாத்திரையை நிறுத்துவது இவ்வகை மருந்தில் தனி ஆபத்து. திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும். இதயநோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். மாற்றுவதாயினும் நிறுத்துவதாயினும் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே செய்யவேண்டும். ஆஸ்துமா உள்ளோர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். நீரிழிவு உள்ளோருக்கு, சர்க்கரை தாழும்போது எழும் படபடப்பை இம்மாத்திரைகள் மறைத்துவிடும்.

அட்டெனலாலும் அம்லோடிபினும் கலந்த கூட்டு மாத்திரை, அட்டெனலால் பட்டியலில் இருந்த காலத்திலேயே உச்சவரம்புக்கு வெளியில்தான் விற்கப்பட்டது. தனி மாத்திரைக்கு விலை கட்டியவுடன் கலவையை முன்தள்ளும் இந்த வாசல் இன்றும் திறந்தே கிடக்கிறது. உற்பத்திச் செலவின் அடிப்படையில் விலை வேண்டுமென்ற கோரிக்கையோடு, கூட்டு மாத்திரைகளையும் அதே வரம்புக்குள் கொண்டுவரும் கோரிக்கையும் சேர்ந்தே எழவேண்டும்.