விதியை மாற்றும் விதி



மதுரையைச் சூழ்ந்த சமவெளி கண்மாய்களால் வாழ்ந்த நிலம். கலுங்கை ஒரு சாண் உயர்த்தினால் கடைமடைக்கும் நீர் எட்டும். ஆனால் உள்வாயை ஒட்டிய வயல்கள் மூழ்கும். அளவு ஒன்று, அதனால் வாழ்வோரும் உளர், வீழ்வோரும் உளர்.

கணினி உலகிலும் இவ்வழக்கு உண்டு. பிட்காயின் என்பது தலைவர் எவருமின்றிப் பல்லாயிரம் கணினிகள் பேணும் பொதுக் கணக்கேடு. அதன் ஏடு ஒவ்வொன்றும் 1 மெகாபைட்டைத் தாண்டலாகாது என விதி இருந்தது. அதை உயர்த்துவது பற்றிய பூசல் தீரவில்லை. 2017 ஆகஸ்ட் 1 அன்று ஒரு சாரார் பிரிந்து 'பிட்காயின் கேஷ்' கண்டனர்.

நம் முன்னோரும் விதிகளைத் திருத்தியவர்களே. உத்திரமேரூர்ச் சபையார் 919இல் வாரியத்தார்க்கு 30 முதல் 60 வரை வயது வகுத்தனர். 921இல் அதனை 35 முதல் 70 வரை என மாற்றினர். இரண்டையும் கல்லில் வெட்டினர். பாண்டி நாட்டு மானூர்ச் சபையோ, எதற்கெடுத்தாலும் 'அன்று, அன்று' என்போர்க்கு 5 காசு தண்டம் விதித்தது. அது தண்டித்தது மறுப்பை அன்று, முட்டுக்கட்டையை என்பதே என் துணிபு.

கணக்கேட்டைப் படியெடுத்துக்கொண்டு பிரியலாம். கண்மாயைப் படியெடுக்க இயலாது. ஆகவே கலுங்கை உயர்த்தக் கூடும் அவையில், மூழ்கும் வயலுக்குரியவனே முதலில் பேசுதல் வேண்டும். பத்தாண்டு கண்ட நம் வட்டத்திற்கும் அதுவே நெறியாகுக.