சீனி இறங்கியது, கண் மங்கியது

(கோணேசர் கோயில் யாத்திரை வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய பேச்சு)

மலையிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, விடியக் கோயிலுக்கும் ஏறி இறங்கி, இப்போ இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீங்க. களைப்பாக இருப்பீங்க. நீட்ட மாட்டேன்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுவது என் வேலை. மூட்டையில் அச்சடித்த சின்ன எழுத்தைத் தூர நின்றே வாசித்துவிடுவேன். கண்தான் எனக்குச் சோறு போட்டது.

நீங்கள் சீனி வியாதி என்பீங்க, இங்கே சீனி வருத்தம் என்பார்கள். பேர் எதுவானாலும் பன்னிரண்டு வருஷம் அதை நான் சட்டை செய்யவில்லை. கிளினிக்கில் தந்த குளிசையை ஞாபகம் வந்தால் போடுவேன். விடிஞ்சா மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, கோதுமை மா ரொட்டி. அந்த மாவை அரைக்கிற ஆலை இருக்கிறதும் இங்கே சீனக்குடாவில்தான். ஊர்ப் பேரிலேயே சீனி இருக்கே என்று பகிடி விடுவோம்.

2018 தை மாதம் காலில் வந்த புண் ஒன்று ஆறவேயில்லை. இரத்தம் எடுத்தார்கள். எச்பி ஏ1சி என்று ஒரு பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும். எனக்கு 12க்கு மேல். பலருக்கு 7 அளவில் இருக்கச் சொல்வார்கள். இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். கண்ணையும் காட்டச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை தோய்க்கும்போது துண்டும் தோய்ந்து போச்சு. எனக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் நல்ல பிள்ளை. தேத்தண்ணியில் சீனி இல்லை, ஊசி ஒருநாள் தவறவில்லை. ஆறு மாதத்தில் 7.1க்கு இறங்கியது. புண்ணும் ஆறியது. அதே மாதம் ஒரு காலையில் வலது கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூல் மாதிரி ஒன்று மிதந்தது. மத்தியானத்துக்குள் புகை மூட்டம்.

பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான்: "ஊசி போட்டா கண் போயிடும்னு அப்பவே சொன்னேனே அண்ணே." நானும் நம்பினேன். கோபத்தில் பதினாறு நாள் ஊசியைத் தொடவில்லை. என் வாழ்க்கையில் செய்த பெரிய மடத்தனம் அது.

மனைவிதான் அழுது இழுத்துக்கொண்டு போனாள். கண் டொக்டர் அம்மாவிடம் கேட்டேன்: "ஒழுங்கா இருந்ததுக்கு இதுதானா டொக்டர் கூலி?" அவ சொன்னா: "ஐயா, இது முந்தின பன்னிரண்டு வருஷத்துக் கூலி."

அவ விளக்கினது இது. கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கு. அதற்குப் போகிற மயிர் போன்ற இரத்தக் குழாய்களைச் சீனி வருஷக்கணக்கில் அரிக்கும். கடலுப்பு பிடித்த இரும்புக் குழாய் மாதிரி. உப்பைக் கழுவினாலும் துரு துருதான். அடைபட்ட இடத்தில் பலமில்லாத புதுக் குழாய்கள் முளைக்கும், வெடித்து இரத்தம் கசியும். ஏற்கனவே பழுதான கண்ணில், கூடியிருந்த சீனி சடுதியாக இறங்கும்போது முதல் ஒரு வருஷத்தில் இந்தப் பழுது கொஞ்சம் கூடுவதும் உண்டு.

இது எனக்கு மட்டும் வந்த விதியோ என்று நினைத்தேன். இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இளவயதில் வரும் வகை நீரிழிவு உள்ள 1441 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 1993 இல் முடிவு வெளியானது. சீனியை இறுக்கிக் கட்டுப்படுத்தியவர்களில் 13 சதவீதமானவர்களுக்கு முதல் வருஷத்தில் கண் கொஞ்சம் மோசமானது. சாதாரணமாக வைத்தியம் செய்தவர்களில் அது 8 சதவீதத்துக்கும் குறைவு. இதை மட்டும் கேட்டால் பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னது சரி என்றுதான் படும். ஆனால் அவர்களைச் சராசரியாக ஆறரை வருஷம் பார்த்தார்கள். முடிவில், முன்பு கண் நோய் இல்லாதவர்களுக்கு அது வரும் ஆபத்து, இறுக்கிக் கட்டுப்படுத்தியவர்களில் 76 சதவீதம் குறைவு. இருந்தவர்களுக்கு முற்றும் ஆபத்து 54 சதவீதம் குறைவு. நம்மைப் போல வயது போய் வரும் வகைக்கும் கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கும் என்று 1998 இல் பிரித்தானிய ஆய்வு காட்டியது.

ஊசிக்குக் கெட்ட பேர் வந்த கதையும் இதில் இருக்கு. நாம் ஊசிக்குச் சம்மதிப்பது எல்லாம் முற்றின பிறகு. அப்போ கண் பாதி போயிருக்கும். பழி ஊசிக்கு.

ஆகவே சீனி அதிகமாக இருந்து, ஊசியோ புது மருந்தோ தொடங்கப் போகிறவர்கள், அதற்கு முன் அல்லது அதோடு சேர்த்துக் கண்ணைக் காட்டுங்க. மருந்துவிட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்க வேணும். எழுத்துப் பலகை வாசிப்பது போதாது. பழுது ஏற்கனவே இருந்தால் முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருதரம் பார்க்கச் சொல்வார்கள். கர்ப்பமாக இருக்கிற பிள்ளைகளுக்குச் சீனி முன்பே இருந்தால் தொடக்கத்திலேயே காட்ட வேணும். அந்தத் துளி விட்டால் நாலைந்து மணித்தியாலம் மங்கல்தான். துணைக்கு ஆள் கூட்டிப் போங்க; அன்றைக்குக் கவ்வாத்துக் கத்தி தொடாதீங்க.

இன்னொன்று. சீனி இறங்கும் முதல் வாரங்களில் இரண்டு கண்ணும் லேசாக மங்குவது வேறு. கண் வில்லையில் நீர் மாறுவதால் வருவது, தானே சரியாகும். அவசரப்பட்டுக் கண்ணாடி வாங்கிக் காசைக் கரைக்காதீங்க. ஆனால் கறுப்பு நூல், பொட்டு மழை, திரை விழுந்த மாதிரி மறைப்பு வந்தால் அன்றைக்கே ஓட வேணும். என்னைப் போல பதினாறு நாள் வேண்டாம். பிரஷரையும் பார்த்துக்கொள்ளுங்க, அதுவும் அதே குழாயைத்தான் உடைக்கும்.

எனக்குக் கொழும்பில் லேசர் பிடித்தார்கள், பல தடவை. வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள். கேட்கப் பயமாக இருக்கும். மரத்துப்போக மருந்து விடுவதால் பெரிய வலி இல்லை. இடது கண் தப்பியது. வலதில் பெரிய எழுத்து மட்டும் தெரியும், இருட்டில் தடுமாறுவேன். எச்பி ஏ1சியை 7 அளவிலேயே வைத்திருக்கிறேன். ஊசியை அதற்குப் பிறகு விட்டதில்லை.

அவ்வளவுதான். கேள்வி இருந்தால் கேளுங்க. கையைத் தூக்கினால் பின்வரிசை எனக்குத் தெரியாது, எழும்பி நின்று குரல் கொடுங்க.