‘வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்’னு சொல்லாதீங்க



சாரம் சரிந்து ஒரு கொத்தனார் கீழே விழுகிறார். கூட வந்த மேஸ்திரி மெதுவாகச் சொல்கிறார்: “ஆஸ்பத்திரியில கேட்டா, வீட்டு மாடியில வழுக்கிட்டேன்னு சொல்லிடுப்பா. செலவை நான் பார்த்துக்கறேன்.” வலியில் இவரும் தலையாட்டிவிடுகிறார்.

அந்த ஒரு பொய்தான் பிறகு குடும்பத்தைத் தவிக்க வைக்கும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ‘வீட்டில் விழுந்தார்’ என்று ஏறிவிட்டால், வேலையிடத்தில் நடந்ததை நிரூபிப்பது பெரும்பாடு.

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லேயே சட்டமானது. இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கிற காசு இல்லீங்க, உங்க உரிமை.

முதலில் 108-க்கு போன் பண்ணுங்க. டாக்டரிடம் இடம், நேரம், விழுந்த உயரம் எல்லாம் உள்ளபடி சொல்லுங்க. உடனிருந்தவர்கள் பெயர், நம்பரைக் குறிச்சுக்கோங்க. சாரத்தைப் போட்டோ எடுங்க. சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்க. இழப்பீட்டு மனுவை 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் கொடுத்துவிடுங்க.

கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். வாரிய உதவித்தொகை வேறு, முதலாளி தரும் இழப்பீடு வேறு. இரண்டையும் கேட்கலாம்.

இன்றைக்கே பக்கத்தில் வேலை செய்பவரிடம் இதைச் சொல்லுங்க.