ஒரு சரக்கு, பல பேர்: மூன்ஷைன் முதல் ஹூச் வரை

இன்னைக்கு எபிசோட் அமெரிக்கக் கள்ளச்சாராயத்தோட பட்டப்பெயர்களைப் பத்தி. சிரிச்சுக்கிட்டே ஆரம்பிப்போம். ஆனா கடைசிப் பேர் கொஞ்சம் கனமானது.

முதல்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச 'மூன்ஷைன்'. அதாவது நிலா வெளிச்சம். ராத்திரியில மறைச்சு செய்ற சரக்கு. இது இங்கிலாந்துலேர்ந்து வந்த சொல். அங்கே கடத்தல் பிராந்திக்கு இந்தப் பேர் இருந்துச்சு. சரி, அமெரிக்காவுல எதுக்கு மறைக்கணும்? வரிதான் காரணம். 1791ல அரசு விஸ்கிக்கு வரி போட்டுச்சு. மேற்கு பென்சில்வேனியா விவசாயிகள் கொதிச்சு எழுந்தாங்க. 1794ல அதை அடக்க ஜனாதிபதி வாஷிங்டனே படையோட கிளம்பினார்.

அடுத்து அப்பலாச்சியன் மலைப்பகுதி. அங்கே மக்காச்சோளத்துல காய்ச்சுவாங்க. ஓக் பீப்பாயில ஊறப்போட்டாத்தான் விஸ்கிக்கு நிறம் வரும். போலீஸ் வர்றதுக்குள்ள விக்கிறவனுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், உள்ளே போனா மின்னல் அடிக்கும். அதனால 'வொயிட் லைட்னிங்', வெள்ளை மின்னல். கழுதை மாதிரி உதைக்கிறதால 'வொயிட் மியூல்'னும் சொன்னாங்க. இன்னொரு பேர் 'மவுன்டன் டியூ', மலைப்பனி. ஆமா, நம்ம கடையில விக்கிற கூல்டிரிங்க் பேரேதான்! 1940கள்ல டென்னசி மாநிலத்துல, விஸ்கியில கலக்கிக் குடிக்கிறதுக்காக உருவான சோடா அது.

இப்போ 'ஹூச்'. அமெரிக்காவுல மட்டமான சரக்கு எதுக்கும் இதுதான் பேர். ஆனா இது ஒரு மக்களோட பேர். அலாஸ்காவுல அட்மிரல்டி தீவுல வாழ்ற திலிங்கித் பழங்குடியினரை வெள்ளைக்காரங்க 'ஹூச்சினூ'ன்னு உச்சரிச்சாங்க. அவங்க மொழியில அது கரடிக்கோட்டைன்னு அர்த்தம் வர்ற ஊர்ப்பெயர். 1867ல அமெரிக்கா அலாஸ்காவை வாங்கின பிறகு, அங்கே வெல்லப்பாகுல காய்ச்சின சாராயத்துக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு. தங்கம் தேடிப் போனவங்க வாயில அது 'ஹூச்'னு சுருங்கிச்சு. 1920ல மதுவிலக்கு வந்ததும் நாடு முழுக்கப் பரவிருச்சு.

அதே மக்களோட அங்கூன் கிராமத்தை 1882ல அமெரிக்கக் கடற்படை பீரங்கியால சுட்டு எரிச்சது. வீடுகள், படகுகள், குளிர்காலத்துக்குச் சேர்த்து வெச்ச சாப்பாடு எல்லாம் போச்சு. அதுக்கு சாராயம் காரணமில்லை. ஒருத்தர் சாவுக்கு இழப்பீடு கேட்டதுல வந்த தகராறு. கடற்படை முறைப்படி மன்னிப்புக் கேட்டது எப்போ தெரியுமா? 2024 அக்டோபர்ல. 142 வருஷம் கழிச்சு!

இதுக்கு நடுவுல 'ஹூச்'ங்கிற சொல் மட்டும் பார்ல, சினிமாவுல, ஜோக்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு. அது யாரோட பேர்னு கேட்டவங்க ரொம்பக் கம்மி. இனி அந்தச் சொல் காதுல விழுந்தா, அங்கூனையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.