ஊரிலிருந்து வரும் ராட்டிபிகேஷன் பத்திரம்



"ஊரிலிருந்து ராட்டிபிகேஷன் பத்திரம் அனுப்பியிருக்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?" என்று நேயர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். பலர் இதைப் பிழைத்திருத்தல் பத்திரம் என்று நினைக்கிறார்கள். அது ரெக்டிபிகேஷன், சர்வே எண்ணோ பெயரோ தவறிப்போனால் திருத்துவதற்கு எழுதுவது. இது வேறு. நம்மைக் கேட்காமல் நம் சார்பில் ஒருவர் செய்த காரியத்தை, பின்னால் நாம் நம்முடையதாக ஏற்றுக்கொள்வது. தமிழில் பின்னேற்பு எனலாம்.

பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், தலாவைத் தாண்டி, பானைக்கும் கால்வாய்க்கும் பேர்போன த்வாண்டே இருக்கிறது. என் தாத்தா அங்கே ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். முதலாளி செட்டிநாட்டில், கடையை நடத்துவது மேலாள். மூன்று வருஷக் கணக்கு, கையில் ஒரு பவர் பத்திரம். பவரில் எழுதாத காரியங்களும் வந்து நிற்கும். 1930-ல் நெல் விலை விழுந்தது. வட்டி கட்ட முடியாத விவசாயி நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். கப்பலில் கடிதம் போய்ப் பதில் வரும்வரை காத்திருப்பதா? தந்தி உண்டு, ஆனால் தந்தியில் எவ்வளவு சொல்ல முடியும்? 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. கடல் கடந்து ஆள் வைத்துச் செய்த தொழில் அது.

இதற்கான சட்டம் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்ததால் அங்கேயும் அதுவே, இன்றைக்கும் அதுவே. 196 முதல் 200 வரையுள்ள பிரிவுகளைப் பாருங்கள். கேட்காமல் செய்த காரியத்தை ஏற்கலாம், தள்ளலாம். அது நம் இஷ்டம். ஏற்றுவிட்டால், முதல் நாளிலேயே நாமே அதிகாரம் கொடுத்துச் செய்யச் சொன்னது போலாகிவிடும்.

நம்மவர்கள் தவறவிடுவது 197-ஆம் பிரிவு. ஏற்பதற்கு வாயால் சொல்லவேண்டும், எழுதவேண்டும் என்பதில்லை, நடத்தையே போதும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவர் பணத்தை அவரைக் கேட்காமல் இன்னொருவர் கடனாகக் கொடுக்கிறார்; பணக்காரர் பிறகு அந்தக் கடனுக்கு வட்டி வாங்கிக்கொள்கிறார். தீர்ந்தது, கடனை ஏற்றாயிற்று. த்வாண்டேக் கடைக்கென்றே எழுதியது போல இருக்கிறது! இன்றைக்கு இதையே வாடகையாக வைத்துப் பாருங்கள். அண்ணன் உங்களைக் கேட்காமல் வீட்டைக் குத்தகைக்கு விட்டார். விஷயம் தெரிந்தும் மாதாமாதம் வந்த பணத்தை வாங்கிக்கொண்டீர்கள். பிறகு "எனக்குச் சம்மதமில்லை" என்றால் எடுபடாது.

தெரிந்தும் என்று சொன்னேன். அதுதான் 198. விவரம் முக்கியமான அளவில் தெரியாமல் கொடுத்த ஏற்பு செல்லாது. ஆகவே கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்பிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். விலை என்ன, யாருக்கு, பணம் எங்கே? விற்பனைப் பத்திரத்தின் முழு நகலையும் முதலில் கேளுங்கள். 199-இன்படி, பாதியை ஏற்றுப் பாதியைத் தள்ளவும் முடியாது. விலையை வாங்கிக்கொள்வேன், கூடவே எழுதிக்கொடுத்த பாதை உரிமை மட்டும் வேண்டாம் என்றால் நடக்காது. மூன்றாம் ஆளுக்கு நஷ்டம் வரும்படியும் ஏற்க முடியாது. அதிகாரமில்லாத ஒருவர் குத்தகைக்காரருக்குக் கொடுத்த காலிசெய்யும் நோட்டீசை நீங்கள் பிறகு ஏற்றாலும் அவரைக் கட்டுப்படுத்தாது, 200-ஆம் பிரிவு.

உங்கள் கையெழுத்தையே ஒருவர் போட்டிருந்தால் கதை வேறு. அது உங்களுக்காகச் செய்ததல்ல, நீங்களாகவே நடித்தது. அதைப் பின்னேற்பால் சரிசெய்யப் பார்க்காமல் வழக்கறிஞரிடம் போங்கள்.

பர்மா நிலத்துக்கென்று பத்திரம் வந்தால் இன்னும் கவனம். 1948-லும் 1953-லும் விளைநிலங்களை அரசுடைமையாக்கச் சட்டங்கள் வந்தன. 1987-ஆம் வருஷச் சட்டம் வெளிநாட்டார் அங்கே நிலம் வாங்குவதையும் விற்பதையும் தடுக்கிறது. தாத்தா காலத்து நிலத்துக்குக் கையெழுத்தும் கூடவே செலவுப் பணமும் கேட்கிறவரிடம் எதுவும் கொடுக்கவேண்டாம்.

ஏற்க விருப்பமில்லை என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். எழுத்தில் மறுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பணம் ஏதும் வந்திருந்தால் அதையும் கையோடு திருப்பிவிடுங்கள்.