எம்பெக்கேயின் மரக்கூடமும் எங்கள் மண்டபமும்



நூறு வருடக் கதையைச் சொல்ல எங்களிலும் மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்கள் வகுப்பின் சார்பில் நாங்கள் ஒரு கூரையைப் பற்றி மட்டும் கதைக்கிறோம்.

பேராதனையில் மருத்துவம் படித்த காலத்தில், லீவு நாட்களில் உடுநுவரைப் பக்கம் மூன்று பழைய கோயில்களைப் பார்க்கப் போவோம். கடலாதெனியாவும் லங்காதிலகவும் 1344இல் எழுந்தவை. கடலாதெனியாவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி தென்னிந்தியர். லங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது மூன்றாவதான எம்பெக்கேயில்தான்.

அது கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்துத் தேவாலயம், 14ஆம் நூற்றாண்டு. அங்கே இருப்பவர் நம்முடைய கதிர்காமக் கந்தன்தான். முன்னாலுள்ள மேளக்காரர் மண்டபம் மரத்தூண்களால் ஆனது. பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, மல்லர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று தூணெல்லாம் செதுக்கல். கம்பளை அரச மண்டபத்தின் மரங்களைக் கொண்டுவந்து கட்டியது என்பது வழிவழிச் செய்தி.

படம் எடுக்கிறவர்கள் தூணோடு திரும்பிவிடுகிறார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் விசிறிபோல வந்து கூடி, ஒரே பெரிய மர முளையில் பிடிபட்டு நிற்கின்றன. சிங்களத்தில் அதற்கு மடொல் குருப்பாவ என்று பெயர். (வைத்தியர்களிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் மூட்டைப் பற்றித்தான் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்!) மூட்டு இருப்பதால்தான் மரவேலையில் உளுத்ததை மட்டும் கழற்றி, நல்லதை விட்டு, புதியதைப் பொருத்த முடிகிறது.

எங்கள் பாலைத் தூண்களும் பனங்கைமரங்களும் அப்படிப் பொருத்தியவைதான். செதுக்கல் ஒன்றும் கிடையாது. அந்த மண்டபத்தை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பலாம் என்ற யோசனை இப்போது எங்கள் முன் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வகுப்பறை தேவை, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் கொங்கிரீட் என்றால் சாகாவரம் பெற்றது என்று நினைக்கவேண்டாம். முந்தலின் உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும், வெளியே பூச்சு வெடிக்கும். அதைக் கழற்றி மாற்றவும் முடியாது.

மரத்துக்குப் பகை ஈரமும் கறையானும். எங்கள் மாகாணத்திலேயே, குருநாகல் பக்கத்துப் பனாவிட்டிய அம்பலத்தைப் பாருங்கள். வழிப்போக்கர் தங்கிய அந்த 18ஆம் நூற்றாண்டு மரமடத்தின் அடிவளைகள் மண்ணைத் தொடாமல் கற்களின்மேல் கிடக்கின்றன. கறையான் ஏறினால் கண்ணில் படும்.

எங்கள் மண்டபத்தில் எந்தத் தூணின் அடி உளுத்திருக்கிறது, எந்தக் கைமரத்தின் நுனி நனைகிறது என்று இன்னும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை. பரிசோதிக்காமல் காலை வெட்டச் சொன்னால் நாங்கள் கையெழுத்து வைப்போமா?

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே. பொதுக்கூட்டம் வாக்கெடுக்குமுன், பழைய கூரைவேலை தெரிந்த ஓர் ஓடாவியாரைக் கூப்பிட்டு, மரம் மரமாகப் பார்த்து எழுதி வாங்குவோம். வெளிநாட்டுத் தங்கைமார் வகுப்பறைக்கென்று அனுப்பிய காசைத் தொடவேண்டாம். செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு இறக்கிப் பார்க்கவேண்டும், நாட்கள் குறைவு.