லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு வளையம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக என்னைப் பேசக் கூப்பிட்டால் டெபாசிட் நாமினேஷன், பென்ஷன்காரர்களின் ஆயுள் சான்றிதழ் என்றுதான் இருக்கும். இந்த முறை செயலாளர் கேமராவைப் பற்றிப் பேசச் சொன்னார். காரணம் உண்டு. கடந்த சில மாதங்களில் நம் குடியிருப்பிலிருந்து ஐந்தாறு பேர் கையில் ஒரு பழைய லென்ஸோடு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "சார், இதைப் புதுக் கேமராவில் மாட்ட ஆன்லைனில் எண்ணூறு ரூபாய்க்கு ஒரு வளையம் வருகிறதே, வாங்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் வந்த அன்றே சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்காமல் அதை நம்பக் கூடாது. ஏன், எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

பரணில் இருக்கும் சொத்து

நம் வீடுகளில் பீரோவிலும் பரணிலும் கிடப்பவை என்னென்ன? சோவியத் நாட்டிலிருந்து வந்த ஸெனிட் கேமரா, அதோடு வந்த ஹீலியாஸ் 58 மி.மீ. லென்ஸ். வளைகுடாவிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ கொண்டுவந்த நிக்கான், கேனான், மினோல்ட்டா, யாஷிகா. ஃபிலிம் போன பிறகு கேமராவுக்கு வேலை இல்லை. ஆனால் லென்ஸ் அப்படி இல்லை. பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் அந்தக் கண்ணாடி இன்றைக்கும் நல்ல படம் தரும். டார்ச் விளக்கைப் பின்பக்கமாகக் காட்டிப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதற்கு அடாப்டர் மருந்தல்ல. இழை இல்லையென்றால் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

வளையம் செய்யும் வேலை

ஒவ்வொரு கம்பெனியும் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு தூரத்தை நிர்ணயித்தது. 1959-ல் வந்த நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. ஸெனிட், பழைய பென்டாக்ஸ் ஆகியவற்றின் எம் 42 மரைக்கு 45.46. மினோல்ட்டாவுக்கு 43.5. பழைய கேனான் எஃப்டிக்கு 42. உள்ளே கண்ணாடி ஒன்று ஏறி இறங்க இடம் வேண்டும் என்பதால் இவ்வளவு தூரம்.

2008-ல் பானசோனிக் அந்தக் கண்ணாடியே இல்லாத கேமராவைக் கொண்டுவந்தது. 2010-ல் சோனி இ மவுண்ட் வந்தது, தூரம் 18 மி.மீ. மட்டும். 2018-ல் வந்த நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20. ஆக, பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் வைத்தால் நடுவில் ஒரு இடைவெளி மிஞ்சுகிறது. ஹீலியாஸை சோனியில் போட வேண்டுமானால் 45.46-ல் 18-ஐக் கழியுங்கள், 27.46 மி.மீ. அந்தப் பாக்கியை நிரப்புவதுதான் வளையத்தின் வேலை. உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் காற்று. அதனால் விலை குறைந்த வளையம் என்பதாலேயே படம் கெடாது. அளவு தப்பினால்தான் கெடும்.

ஒரு தாளின் கனம்

எவ்வளவு தப்பினால் கெடும்? ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரணத் தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. வளையம் அந்த அளவு கூடுதல் கனமாக இருந்துவிட்டது என்று வையுங்கள். 50 மி.மீ. லென்ஸ் அதிகபட்சம் 25 மீட்டர் தூரம்வரைதான் துல்லியமாகப் பிடிக்கும். அதற்கு அப்பால் இருக்கும் கோபுரம், மலை எல்லாம் கொஞ்சம் மங்கல். 20 மி.மீ. அகலக் கோண லென்ஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம், 4 மீட்டரோடு நின்றுவிடும். கணக்கு எளிது. லென்ஸின் மி.மீ. எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிழையின் அளவால் வகுத்தால், எட்டும் தூரம் மி.மீ.-ல் கிடைக்கும்.

இந்த ஆபத்துக்குப் பயந்து பல தயாரிப்பாளர்கள் வளையத்தை வேண்டுமென்றே ஒரு பொடி குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது தூரக் காட்சி நிச்சயம் கிடைக்கும். ஆனால் லென்ஸில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கு பொய்யாகிவிடும். முடிவிலிக் குறியில் கொண்டுபோய் நிறுத்தினால் படம் தெளியாது, அதற்குச் சற்று முன்பே தெளிந்துவிட்டிருக்கும். திரையைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்கு இது தொல்லை இல்லை. குறியை நம்பித் திருப்புபவருக்குத் தொல்லை.

இதைவிடக் கெட்டது, ஒரு பக்கம் கனம் ஒரு பக்கம் மெலிசு என்று வருவது. லென்ஸ் சாய்ந்து உட்காரும். படத்தின் இடது ஓரம் தெளிவாகவும் வலது ஓரம் மங்கலாகவும் வரும். கூடவோ குறையவோ இருந்தால் சமாளிக்கலாம், சாய்வைச் சமாளிக்க முடியாது. திருப்பி அனுப்புவதே வழி.

மலிவு வளையம் எங்கே இளைக்கும்?

பெரும்பாலும் அலுமினியம். நல்லவற்றில் லென்ஸும் கேமராவும் உரசும் முகங்கள் மட்டும் பித்தளையில் இருக்கும், மேலே குரோமியம் பூச்சு. அலுமினியம் மென்மையானது. பல தடவை மாட்டிக் கழற்றினால் தேய்ந்து சாம்பல் நிறத்தில் பொடி வரும். கண்ணாடி இல்லாத கேமராவில் சென்சார் எதிரிலேயே இருக்கிறது, பொடி அதன்மேல்தான் போய் உட்காரும்.

அடுத்தது ஆட்டம். லென்ஸைப் பிடித்துத் திருப்பினால் 'டக் டக்' என்று அசையும். பிடிமானம் தரும் உள் தகடுகள் தளர்வாக இருப்பதுதான் காரணம். அதற்காக, மிக இறுக்கமாக வருவதை நல்லது என்று நினைக்க வேண்டாம். வலிந்து திருப்பினால் தேய்வது கேமராவின் மவுண்ட். எண்ணூறு ரூபாய்ப் பொருளுக்காக அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளைப் பணயம் வைக்காதீர்கள்.

மூன்றாவது, பூட்டும் ஊசி. நம் பக்கத்து பிளாக்கில் ஒரு அம்மா, காலமான தன் கணவரின் லென்ஸைப் பேரனுக்குக் கொடுத்தார். அந்த லென்ஸில் எடுத்த குடும்பப் படங்கள்தான் அவர்கள் வீட்டுக் கூடம் முழுக்க. ஒரு வளையம் வாங்கி மாட்டினார்கள். பிறகு கழற்ற வரவில்லை. விடுவிக்கும் பொத்தானை இழுத்தாலும் உள்ளே ஊசி பின்வாங்கவில்லை. மகன் குறடு எடுத்துவிட்டார். நல்ல வேளையாக, இழுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். லென்ஸை ஒன்றும் செய்ய வேண்டாம், வளையத்தைத்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, கேமரா பழுது பார்ப்பவரிடம் அழைத்துப் போனேன். வளையத்தின் திருகுகளை அவர் கழற்றியதும் லென்ஸ் கீறலில்லாமல் வந்துவிட்டது. வளையம் குப்பைக்குப் போயிற்று. இப்படிச் சிக்கிக்கொண்டால் லென்ஸின் மேல் பலத்தைக் காட்டாதீர்கள். பிரிக்க வேண்டியது மலிவான பொருளை, அருமையான பொருளை அல்ல.

நான்காவது, உட்புறப் பளபளப்பு. கறுப்புப் பூச்சு மினுமினுப்பாக இருந்தால் பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே எகிறிப் படத்தின் நடுவில் வெளிறிய திட்டு விழும். பளபளப்பில்லாத கறுப்புத் தாளை அளவாக வெட்டி உள்ளே ஒட்டினால் பெருமளவு சரியாகும்.

சிப் வைத்தவை

இதுவரை சொன்னது வெறும் உலோக வளையம். மின் தொடர்பும் சிப்பும் வைத்து, தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யும் வகைகளும் உண்டு. அவற்றில் உலோக அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் பாஷையை அந்தச் சிப் இடைவிடாமல் மொழிபெயர்க்க வேண்டும். கேமராவின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் பாஷை தடுமாறலாம். தொடுமுனைகளில் அழுக்கு பட்டாலும் தடுமாறும்.

நம் குடியிருப்பில் கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். விலை குறைந்த சிப் வளையம் ஒன்றைச் சில வாரம் வீட்டில் பயன்படுத்தினார், நன்றாகவே இருந்தது. அதை முகூர்த்தத்துக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை தாலியை எடுக்கும் நேரத்தில் கேமராவுக்கு லென்ஸ் தெரியவில்லை. அணைத்துப் போட்டதும் சரியானது, ஆனால் அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. பெண் வீட்டார் பாக்கிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த நிமிஷம் திரும்பி வராது.

ஆகவே தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒரே வார்த்தை. காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் படத்துக்கு, கேமராக் கம்பெனி தரும் அடாப்டர் அல்லது அந்தக் கேமராவுக்கே உரிய லென்ஸ். மலிவு வளையம் பொழுதுபோக்குக்கு.

வாங்கவே கூடாத ஒன்று

பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அதன் தூரம் 46.5, எம் 42 லென்ஸுக்கு வேண்டியது 45.46. கழித்தால் பாக்கி வரவில்லை, கடன் வருகிறது! எந்த வளையமும் இந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தைக் குறைக்க முடியாது. வெறும் வளையம் போட்டால் ஹீலியாஸ் மூன்று மீட்டருக்கு அப்பால் பார்க்காது. அதைச் சரிக்கட்ட நடுவில் சிறு கண்ணாடி வைத்து விற்கிறார்கள். மலிவான அந்தக் கண்ணாடி நல்ல லென்ஸின் தெளிவைக் கெடுத்துவிடும். இந்த ஜோடிக்கு ஆசைப்படாதீர்கள்.

வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை

வங்கியில் பணக்கட்டு வந்தால் மேலே உள்ள சீட்டை நம்பி வாங்கமாட்டோம், எண்ணித்தான் வாங்குவோம். இதற்கும் அதே விதி.

ஒன்று, பெட்டியைப் பிரிக்கும்போது ஃபோனில் வீடியோ எடுங்கள். பில்லையும் பெட்டியையும் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை வைத்திருங்கள்.

இரண்டு, வெள்ளைத் துணியால் உள்ளும் புறமும் துடையுங்கள். உலோகப் பொடி ஒட்டினால் முழுக்கச் சுத்தம் செய்யாமல் மாட்டாதீர்கள். திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மூன்று, காலிப்பர் கிடைத்தால் லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து கேமரா உட்காரும் முகம்வரை நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். லேத் பட்டறையில் கேட்டாலும் அளந்து தருவார்கள். நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான்கு, முதலில் லென்ஸை வளையத்தில் மாட்டிக் கழற்றிப் பாருங்கள். சரியாகக் கழன்று வந்தால்தான் கேமராப் பக்கம் போக வேண்டும்.

ஐந்து, இரவில் மொட்டை மாடிக்குப் போய், லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, தூரத்து டவர் விளக்கை ஃபோகஸ் செய்யுங்கள். கடைசி நிறுத்தத்துக்குச் சற்று முன் தெளிந்தால் சரி. கடைசிவரை திருப்பியும் தெளியவில்லை என்றால் வளையம் கனம், திருப்பி அனுப்புங்கள்.

ஆறு, அதே விளக்கைப் படத்தின் நான்கு மூலைகளிலும் வரும்படி நான்கு படம் எடுங்கள். பழைய லென்ஸில் மூலைகள் கொஞ்சம் மங்குவது இயல்பு. நான்கும் ஒரே மாதிரி மங்கினால் அது லென்ஸின் குணம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் சாய்வு இருக்கலாம். வேறு வளையத்திலோ வேறு லென்ஸிலோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி சில சில்லறை விஷயங்கள். கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற வசதியை இயக்காவிட்டால் பல கேமராக்கள் படமே எடுக்காது. வளையம் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். கேமராவுக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால் லென்ஸின் மி.மீ. எண்ணை மெனுவில் நீங்களே பதிய வேண்டும். எம் 42 லென்ஸ்கள் சிலவற்றின் பின்னால் ஒரு சிறு ஊசி இருக்கும். அதை அழுத்தும் விளிம்புள்ள வளையமாகப் பார்த்து வாங்கினால்தான் துவாரம் சிறிதாகும். கனமான லென்ஸ் போட்டால் இடது கையால் லென்ஸைத் தாங்குங்கள், கேமராவை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள். பாரம் முழுதும் அந்தச் சின்ன வளையத்தின்மேல் விழும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். காலிப்பரும் டார்ச்சும் கொண்டுவருகிறேன். உங்களிடம் உள்ள லென்ஸையும் வளையத்தையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். இன்னும் வளையம் வாங்காதவர்கள் கேமராவின் பெயரையும் லென்ஸில் எழுதியிருப்பதையும் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.